அலுமாரிக்கு மேலே இரண்டு முழம்

லயத்துக் காம்பராவில் ஓர் இடத்தைக் காலியாக விட்டுவைத்தாள் அம்மாக்கண்ணு. அவள் செய்த தப்பு அதுதான். இன்னொருத்தி அந்தத் தப்பைச் செய்வாளா என்று பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கிற லயங்களில் போய்க் கேட்டால் சிரிப்பார்கள். தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. அதற்குள்ளே அடுப்பு, அம்மி, விறகு, தண்ணீர்க் குடம், கொழுந்துக் கூடை, கம்பளி, பாய், இரண்டு கோழி, ஒரு குடும்பம். சுவரில் ஆணி அடித்து, ஆணியில் கயிறு கட்டி, கயிற்றில் சட்டி தொங்கவிட்டுப் பிழைக்கிற இடம் அது. அங்கே போய், தலைக்கு மேலே, தூசி தட்டித் துடைத்து, வெறுமனே ஓர் இடத்தை வைத்திருந்தால் யாராவது எதையாவது கொண்டுவந்து வைக்காமல் இருப்பார்களா?

அலுமாரி வந்த கதையை முதலில் சொல்ல வேண்டும். அம்மாக்கண்ணு கொழுந்து பறிப்பவள். புருசன் சோலைமலை, பெரிய துரை பங்களாவின் குசினிக்கு விறகு உடைத்துக் கொடுப்பவன். நல்ல மனிதன். அநாவசியமாக ஒரு வார்த்தை பேசமாட்டான், அவசியத்துக்கும் பேசமாட்டான். பங்களாவில் விருந்து நடக்கிற நாட்களில் பாத்திரம் கழுவ ஆள் போதாமல் அம்மாக்கண்ணுவையும் கூப்பிடுவார்கள். அப்படிப் போன ஒரு நாள்தான் குசினியில் அந்த அலுமாரியைப் பார்த்தாள். பலாமரம். பச்சைப் பெயின்ட். மேல் பாதியில் கம்பிவலை அடித்த இரட்டைக் கதவு, நடுவில் இழுத்துத் திறக்கிற இரண்டு லாச்சி, கீழே பலகைக் கதவு. உப்பு ஒரு சாடியில், சீனி ஒரு சாடியில். கதவைச் சாத்திவிட்டால் எலி இல்லை, பூனை இல்லை, கூரையிலிருந்து உதிர்கிற கரி இல்லை. பார்த்ததும் அம்மாக்கண்ணுவுக்கு வயிறு எரிந்தது. அவள் வீட்டு மிளகாய்த்தூளில் பாதி கரி. கருவாட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் எலி அந்தக் கயிற்றிலேயே இறங்கி வந்து தின்றுவிட்டு அதே வழியில் ஏறிப் போகும்.

வெள்ளைக்காரத் துரை தோட்டத்தை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினார். புதிதாக வந்த சிங்களத் துரையின் வீட்டம்மாவுக்குப் பழைய அலுமாரி பிடிக்கவில்லை. அதைத் தூக்கி விறகுக் கொட்டகை ஓரம் போட்டுவிட்டார்கள். சோலைமலை தன் ஆயுளில் ஒரே ஒரு தடவை துணிந்து வாயைத் திறந்தான். பங்களாச் சமையல்காரரிடம் போய், அந்த அலுமாரி யாருக்கு என்று கேட்டான். "அரன் பலயங்" என்று அவர் சிங்களத்தில் சொல்லிக் கையை வீசினார். எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். நாலு பேர் தோளில் அலுமாரி மேட்டு லயத்துக்கு வந்து சேர்ந்தது. அம்மாக்கண்ணு அன்றைக்குக் கால் தரையில் படாமல் நடந்தாள்.

அடுப்பு இருந்த மூலைதான் அவர்கள் வீட்டுக் குசினி. அந்த மூலையில் அடுப்புக்கு எதிர்ச் சுவரோரம் அலுமாரியை நிறுத்தினார்கள். ஆள் உயரம் இருந்தது. அதன் தலைக்கும் கூரைத் தகரத்துக்கும் நடுவில் இரண்டு முழம் இடம் மிஞ்சியது. பங்களாவில் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. இங்கேயும் அப்படியே இருக்கட்டும் என்று அம்மாக்கண்ணு முடிவு செய்தாள். வெள்ளிக்கிழமைதோறும் பலகை போட்டு ஏறி ஈரத்துணியால் துடைத்தாள். மலையிலிருந்து இறங்கி, சமைத்து, சாப்பிட்டு, பாயில் சாய்ந்தால் அவள் கண் நேரே அங்கேதான் போகும். அங்கே ஒன்றும் இருக்காது. அந்த ஒன்றும் இல்லாததைப் பார்க்கிறதில் அவளுக்கு ஒரு சந்தோசம். யாரிடமாவது சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று அதை வெளியே சொல்லவில்லை.

லயத்துப் பெண்கள் விடுவார்களா?

"ஏக்கா, மேல சும்மாதானே கெடக்கு, எங்க வீட்டு ஒலக்கய வச்சிக்கிறேனே."

"கொஞ்சம் வெறகு அடுக்குனா காஞ்சிருமேக்கா, மழ நாளு."

எல்லாருக்கும் ஒரே பதில்தான். முடியாது. "நம்ம தொரசாணிக்கு வெறகு அடுக்குனா ஒத்துக்காதுடி" என்று பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கிறபோது கேலி பேசினார்கள். பேசட்டும் என்று இருந்தாள். அன்றைக்கே நாலு கட்டு விறகை அள்ளி அங்கே எறிந்திருந்தால் பின்னால் இவ்வளவு பட்டிருக்க வேண்டாம்.

அடுத்த வருஷம் ஆனி மாதக் காற்றில் கீழ் லயத்துக் கூரை நாலைந்து தகரத்தைப் பறிகொடுத்தது. அதில் ஒன்று சோலைமலையின் அண்ணன் கந்தப்பனுடையது. கந்தப்பன் கங்காணி. பங்காளி வீடுகளுக்கெல்லாம் மூத்தவர். குலசாமிக்குப் பூசை போடுகிறவரும் அவர்தான். கொட்டுகிற மழையில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, நெஞ்சோடு ஓர் ஓலைப் பெட்டியை அணைத்துக்கொண்டு, தம்பி வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் வந்து ஏறினார்.

அது கன்னியம்மா பெட்டி. அந்தக் குடும்பத்தில் எப்போதோ கல்யாணம் ஆகாமல் செத்துப்போன ஒரு பெண் அவர்களுக்குத் தெய்வம். பெட்டிக்குள்ளே ஒரு சிவப்புச் சீலை, கண்ணாடி வளையல், ஒரு சீப்பு. மாசிச் சிவராத்திரிக்குப் பங்காளிகள் கூடிப் பெட்டியைத் திறந்து புதுச் சீலை வைத்துக் கும்பிட்டு மூடுவார்கள். மற்ற நாளில் யாரும் தொடக் கூடாது. தலைக்கு மேலே, சுத்தமான இடத்தில் இருக்க வேண்டும்.

கந்தப்பன் காம்பராவுக்குள் ஒரு சுற்றுப் பார்த்தார். கண் அலுமாரிக்கு மேலே போய் நின்றது.

"அட, ஆத்தாவுக்குன்னே எடம் வச்சிருக்கீகளேப்பா!"

"அண்ணே, அது..." என்று சோலைமலை ஆரம்பித்தான். அதற்குள் அவர் பலகையில் ஏறிப் பெட்டியை வைத்துவிட்டார்.

"ரெண்டு நாளைக்குத்தான். தகரம் அடிச்சதும் எடுத்துக்கிறேன்."

தகரம் அந்த வாரமே அடித்தார்கள். பெட்டி போகவில்லை. ஆடிக்கு எடுக்கக் கூடாது என்றார். ஆவணியில் நாள் சரியில்லை என்றார். மாசியில் எல்லாரும் கூடியபோது பூப்போட்டுக் கேட்டார். சிவப்புப் பூ வந்தால் பெட்டி கீழ் லயத்துக்குத் திரும்பும். வெள்ளை வந்தால் இங்கேயே இருக்கும். வெள்ளை வந்தது. பூவைப் பொட்டலம் கட்டியதும் கந்தப்பன், எடுத்துப் பிரித்ததும் கந்தப்பன்.

"ஆத்தாவுக்கு இந்த எடம் புடிச்சுப் போச்சு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பங்காளிகள் அத்தனை பேரும் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் முகத்தில் தெரிந்தது பக்தியா, தலை தப்பியதா என்று அம்மாக்கண்ணுவுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. கொஞ்ச நாளில் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

ஏனென்றால் பெட்டி தனியாக வரவில்லை. தன் சட்டங்களையும் கூட்டிக்கொண்டு வந்தது. கன்னிக்குக் கவுச்சி ஆகாது. ஆகவே அலுமாரிக்குள் கருவாடு வைக்கக் கூடாது. எந்தக் கருவாட்டுக்காக அவள் அலுமாரிக்கு ஆசைப்பட்டாளோ அது திரும்பவும் இஸ்தோப்புக் கயிற்றுக்குப் போயிற்று, எலிகளுக்குக் கொண்டாட்டம். அலுமாரிக் கதவைப் படார் என்று சாத்தக் கூடாது. அந்தப் பக்கம் காலை நீட்டிப் படுக்கக் கூடாது. கன்னி இருக்கிற காம்பராவில் புருசனும் பெண்சாதியும் ஒரே பாயில் படுக்கக் கூடாது என்று கந்தப்பன் தரையைப் பார்த்துக்கொண்டே தம்பியிடம் சொன்னார். சோலைமலை மறுபேச்சுப் பேசாமல் கம்பளியைச் சுருட்டிக்கொண்டு இஸ்தோப்புக்குப் போனான். மலைக் குளிரில் விடிய விடிய அவன் இருமுவது உள்ளே கேட்கும்.

மாதத்தில் மூன்று நாள் இன்னும் மோசம். அந்த நாட்களில் அம்மாக்கண்ணு காம்பராவுக்குள் காலே வைக்கக் கூடாது. இஸ்தோப்பில் மூன்று கல்லை வைத்துச் சமைப்பாள். உப்பும் மிளகாயும் உள்ளே அலுமாரியில் இருக்கும். எடுத்துக் கொடுக்கிற புருசன் பங்களாவில் இருப்பான். சொந்த அலுமாரியில் சாடி நிறைய உப்பை வைத்துக்கொண்டு, பக்கத்துக் காம்பரா தெரேசாவிடம் கை நீட்டி உப்பு வாங்கினாள். தெரேசா வேதக்காரப் பெண். முகம் சுளிக்காமல் கொடுப்பாள். ஆனாலும் ஒரு தடவை கேட்டேவிட்டாள்.

"ஏக்கா, அந்த அலுமாரி ஒங்களுக்கு வந்திச்சா, சாமிக்கு வந்திச்சா?"

அம்மாக்கண்ணுவுக்குச் சுருக்கென்றது. உப்பை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை ஆனால் பங்காளி வீட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தராகக் கும்பிட வருவார்கள். கும்பிட்டுவிட்டுச் சும்மா போவார்களா? தேத்தண்ணி குடிப்பார்கள். கந்தப்பன் பெண்சாதி மீனம்மா மட்டும் கூட ஒரு வேலை செய்வாள். அலுமாரிக் கதவைத் திறந்து உள்ளே மோந்து பார்ப்பாள். "இல்ல, கவுச்சி வாட அடிக்கிற மாதிரி இருந்திச்சு, அதான்" என்பாள். தன் வீட்டில் போய் நெத்திலிக் கருவாடு வறுத்துத் தின்பாள்.

வீட்டில் யாரும் இல்லாதபோது அம்மாக்கண்ணு அண்ணாந்து பார்த்துச் சண்டை போடுவாள். "ஏன் ஆத்தா, ஒனக்கு என்னயத்தான் கெடச்சுதா? கீழ் லயத்துல ஒனக்கு எடமா இல்ல?" என்பாள். உடனே பயம் வந்துவிடும். கன்னத்தில் போட்டுக்கொண்டு விளக்கைத் தூண்டிவிடுவாள். அவள் கோபம் எப்போதும் அந்த விளக்கோடு முடிந்துவிடும்.

இதெல்லாம் உப்பு, மிளகாய், கருவாட்டுச் சங்கதி. பொறுத்துக்கொண்டு போயிருக்கலாம். பொறுக்க முடியாதது மகளோடு வந்தது.

அவளுக்கு ஒரே மகள், லெட்சுமி. உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் பார்ப்பதுதான் முறை. ஏழாம் மாதம் கூட்டிவர அம்மாக்கண்ணு வளையல்கூட வாங்கி வைத்துவிட்டாள். கந்தப்பன் வந்து உட்கார்ந்தார்.

"கூட்டியாந்தா இங்கதானே பெறணும்? கன்னி இருக்கிற எடத்துல புள்ளப்பேறு தீட்டு ஆகுமா? யோசிச்சிக்கம்மா. கொலத்துக்கே ஆகாது."

அம்மாக்கண்ணு யோசித்தாள். பயந்தாள். அங்கேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று சம்பந்தி வீட்டுக்குச் சொல்லி அனுப்பினாள். அங்கே என்ன நடந்தது, யார் பக்கத்தில் இருந்தார்கள், யார் இல்லை என்பதெல்லாம் அவளுக்குச் சரியாகத் தெரியவே இல்லை. சேதி கேட்டு, பஸ் மாறி, நடந்து, அவள் போய்ச் சேர்ந்தபோது குழந்தையைப் புதைத்துவிட்டிருந்தார்கள். பிறந்ததும் அது அழவில்லையாம். லெட்சுமி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"ஏம்மா என்னைய கூட்டிக்கிட்டுப் போகல?"

அந்தக் கேள்வி அம்மாக்கண்ணுவோடு வீட்டுக்கு வந்தது. மலைக்குப் போகிறபோதும் கூடவே வந்தது. கொழுந்து பறிக்கிற கை அப்படியே நின்றுவிடும். பின்னால் கங்காணி சத்தம் போடுவார்.

இரண்டு வருஷம் கழித்து லெட்சுமி மறுபடியும் உண்டானாள். எட்டு மாதம் ஆனபோது உடப்புசல்லாவைப் பக்கம் போய்வந்த ஓர் ஆள் சேதி கொண்டுவந்தான். "புள்ள அழுவுது. அம்மாகிட்டதான் போவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிது."

அன்றைக்கே அம்மாக்கண்ணு கீழ் லயத்துக்கு இறங்கினாள். கந்தப்பன் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். உள்ளே மீனம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, லெச்சுமி வரப் போவுது. இந்தத் தடவ நான் விடமாட்டேன். பெட்டிய இங்க கொண்டாந்து வச்சிக்கங்க."

"மாசிக்குத்தான் பெட்டிய எடுக்கலாம். இப்ப ஐப்பசி."

"அன்னைக்கு மழையில தூக்கிக்கிட்டு வந்தீங்களே மாமா. அது ஆனி மாசந்தானே?"

"அது ஆபத்து. கூரை போயிருச்சு."

"இது ஆபத்து இல்லியா? என் புள்ளயோட புள்ள போச்சே, அது என்னா?"

கந்தப்பன் வெற்றிலையை வாயில் போட்டார். பேச்சை முடித்துக்கொள்ள அவருக்கு அது ஒரு வழி. உள்ளேயிருந்து மீனம்மாதான் பேசினாள்.

"எங்கூட்டுல எடம் ஏதுடி? நீயே பாரு. வெறகு அடுக்கவே எடம் இல்ல."

அம்மாக்கண்ணு பார்த்தாள். உண்மைதான், இடம் இல்லை. தரையிலிருந்து தகரம்வரை விறகும் சாக்கும் மூட்டையும் அடைத்துக்கொண்டிருந்தன. மீனம்மா கெட்டிக்காரி.

மற்றப் பங்காளி வீடுகளுக்கும் போனாள். ஒரு வீட்டில் கூரை ஒழுகியது. ஒரு வீட்டில் மருமகளுக்குக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. இன்னொரு வீட்டில் நாய் குட்டி போட்டிருந்தது. கன்னியம்மாவைப் பற்றிச் சொல்லும்போது எல்லாரும் கை கூப்பினார்கள். பெட்டியை வாங்கிக்கொள்ளச் சொன்னபோது அந்தக் கை ஒன்றுகூட நீளவில்லை. இத்தனை வருஷம் இதைச் சுமந்தவள் அவள் ஒருத்தி. சாமி மட்டும் எல்லாருக்கும் பொது.

வீட்டுக்கு வந்து புருசனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, ஒங்க அண்ணன்தானே. நீங்க ஒரு வார்த்த சொன்னா என்னா?"

"சொல்லலாந்தான்" என்றான் சோலைமலை.

"எப்பச் சொல்லுவீங்க?"

"பாப்போம்."

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அம்மாக்கண்ணு கையிலிருந்த அகப்பையைச் சுவரில் எறிந்தாள். அது அலுமாரிக் கதவில் பட்டு விழுந்தது. சோலைமலை பதறி மேலே பார்த்துக் கும்பிட்டான். பெண்சாதியை அவன் பார்க்கவில்லை.

தெரேசா இஸ்தோப்பில் வந்து நின்றாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. லயத்துச் சுவர் அப்படி.

"எங்க காம்பராவுக்குக் கூட்டியாந்துருங்கக்கா. எங்க வீட்டுல பெத்துக்கட்டும். எங்களுக்கு இந்தத் தீட்டு கீட்டெல்லாம் ஒன்னும் இல்ல."

அந்த மனசுக்கு அம்மாக்கண்ணு கும்பிட்டிருப்பாள். ஆனால் அன்றைக்கு அது இன்னும் ஆத்திரத்தைத்தான் கிளப்பியது. மகள் ஆசைப்பட்டு வருவது அம்மா வீட்டுக்கு. அடுத்த காம்பராவில் இடம் கொடுக்கிறார்கள், சொந்தக் காம்பராவில் இல்லை. தெரேசாவின் கையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

லெட்சுமி யாரும் கூட்டிவரக் காத்திருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தூறல் விழுந்துகொண்டிருக்க, புருசன் பின்னால் மூட்டையோடு வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு லயத்துப் படியில் ஏறி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. பஸ்ஸிலேயே இடுப்பு வலிக்கத் தொடங்கிவிட்டதாம். அம்மாக்கண்ணு ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள். இஸ்தோப்பில் ஏறியதும் லெட்சுமி நின்றுவிட்டாள். உள்ளே பார்த்தாள். அலுமாரிக்கு மேலே பெட்டி இருந்தது.

"உள்ள வரலாமாம்மா?" என்று கேட்டாள்.

தன் வீட்டு வாசலில் தன் மகள் இப்படிக் கேட்கிறாளே என்று அம்மாக்கண்ணுவுக்கு நெஞ்சு வெடித்தது. பதில் சொல்வதற்குள் சேதி கீழ் லயத்துக்குப் போய்விட்டது. கந்தப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தார். பின்னால் மீனம்மா. ஞாயிற்றுக்கிழமையானதால் லயமே வீட்டில் இருந்தது, கூட்டம் கூடிவிட்டது.

"உள்ள ஏத்தாத! வலி கண்ட புள்ளய உள்ள ஏத்தாத!"

"எங்க கொண்டு போவேன் மாமா? மலையிலயா போடுவேன்?"

"பக்கத்து வீட்டுல எடம் தர்றாங்களாமே, போகட்டும். இங்க ஆகாது."

"இது எங்கூடு. அது என் அலுமாரி. அதுக்கு மேல நீங்க கொண்டாந்து வச்ச பெட்டிக்காக என் மக அடுத்த வீட்டுக்குப் போகணுமா?"

கந்தப்பனுக்குக் கோபம் தலைக்கேறியது. அத்தனை பேர் முன்னால் ஒரு பெண்பிள்ளை எதிர்த்துப் பேசுவது அவருக்குப் புதிது.

"என்னா ஒன் அலுமாரி? ஆத்தா என்னைக்கு அதுல குந்துனாளோ அன்னைக்கே அது ஒன் அலுமாரி இல்ல. அது ஆத்தாவோட பீடம். தெரிஞ்சுக்க. ஒன் சாமான வைக்க ஆத்தா விட்டுவச்சிருக்கா, அவ்வளவுதான். பெட்டிய அதுலேருந்து ஒரு வெரக்கட நகத்தக் கூடாது."

அம்மாக்கண்ணு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தத் தடவை அவளுக்குப் பயம் வரவில்லை.

"சரிங்க மாமா" என்றாள்.

மகளைத் தெரேசாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அலுமாரிக் கதவைத் திறந்து உப்புச் சாடியை எடுத்துத் தரையில் வைத்தாள். மிளகாய்த் தூள், சீனி, தேங்காயெண்ணெய்ப் போத்தல், பருப்பு டின், அரிசிப் பானை. லாச்சியிலிருந்த கரண்டி, கத்தி, ஊசி நூல். ஒவ்வொன்றாக வெளியே வந்தது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கடைசியில் வெறும் அலுமாரியின் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து, கூட்டத்தில் முன்னால் நின்ற லயத்து இளவட்டம் ஒருவனைக் கூப்பிட்டாள்.

"செல்லசாமி, இன்னும் மூணு பேரக் கூப்புடு. இந்தப் பீடத்தத் தூக்கிக்கிட்டுப் போயி மாமா வீட்டுல வைங்க. பெட்டிய யாரும் தொட வேணாம், நகத்த வேணாம். ஆத்தா குந்துன எடத்துலயே குந்தியிருக்கட்டும்."

செல்லசாமி கந்தப்பன் முகத்தைப் பார்த்தான். கந்தப்பன் வாயைத் திறந்தார், மூடினார். பீடம் என்று சொன்ன வாய் அது. சொல்லி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, லயமே கேட்டுக்கொண்டிருந்தது.

"மழ தூறுது..." என்றார்.

அம்மாக்கண்ணு கொழுந்துக்குப் போகும்போது இடுப்பில் கட்டுகிற புது இறப்பர்ச் சீலையை ஆணியிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "நீங்கதான் பூசாரி. நீங்களே புடிச்சிக்கங்க மாமா."

"எங்கூட்டுல எடம் இல்லடி!" என்று மீனம்மா அலறினாள்.

"பீடத்துக்கு எடம் இல்லன்னு சொல்லாதீங்கக்கா. ஆத்தா காதுல விழுந்துறப் போவுது."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு கந்தப்பனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. செல்லசாமியும் மூன்று பேரும் பயபக்தியோடு குளித்துவிட்டு வர வேண்டுமா என்று கேட்டார்கள். மழையே போதும் என்றாள் அம்மாக்கண்ணு. நாலு பேரும் அலுமாரியின் காலுக்கு ஒருவராகக் குனிந்து, மூச்சைப் பிடித்து, நிமிர்த்தித் தூக்கினார்கள். வாசல் நிலையைத் தாண்டும்போது பெட்டி ஒரு தரம் ஆடியது. கூட்டம் "ஆத்தா!" என்றது. கந்தப்பன் பாய்ந்து, இறப்பர்ச் சீலையை விரித்துப் பிடித்துக்கொண்டு, பின்னோக்கி நடந்தார். எவனோ ஓடிப்போய்த் தப்பு மேளத்தை எடுத்துவந்து தட்டத் தொடங்கினான். பெண்கள் குலவையிட்டார்கள். பச்சைப் பெயின்ட் அலுமாரியில் ஏறி, கன்னியம்மா கல்படி வழியாகக் கீழ் லயத்துக்கு ஊர்வலம் போனாள்.

மீனம்மா தலைதெறிக்க முன்னால் ஓடினாள். அவள் அடைத்து வைத்திருந்த விறகும் சாக்கும் மூட்டையும் நனைய நனைய வெளியே வந்து விழுவதை அன்றைக்கு எல்லாரும் பார்த்தார்கள்.

அம்மாக்கண்ணு பின்னால் போகவில்லை. அலுமாரி இருந்த மூலையைக் கூட்டினாள். அங்கே பாயை விரித்து, அதன்மேல் கம்பளியை விரித்து, மகளைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுவந்து படுக்க வைத்தாள். லெட்சுமியின் புருசன் மருத்துவிச்சியைக் கூட்டிவர ஓடினான்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டுக்குக் கொம்பு ஊதி ஓய்ந்த பிறகு குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. பிறந்த உடனே அது அழுதது. சும்மா அழவில்லை, லயத்துக் கடைசிக் காம்பராவரை கேட்கிற மாதிரி வீறிட்டு அழுதது. தெரேசா ஏசுவே மரியே என்று சிரித்தாள். மருத்துவிச்சி குழந்தையைத் துடைத்துச் சுற்றி லெட்சுமியின் பக்கத்தில் போட்டாள். சோலைமலை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அப்புறம் தரையில் பரப்பிக் கிடந்த சாடிகளையும் டின்களையும் பார்த்தான்.

"கவலப்படாத புள்ள" என்றான். "தீட்டுக் கழியட்டும். பெட்டி அண்ணன் வீட்டுலயே இருக்கட்டும், அலுமாரிய நான் கேட்டு வாங்கியாந்துர்றேன். நானே பேசுறேன் பாரு."

அம்மாக்கண்ணு அவனைப் பார்க்கவில்லை. சுவரில் அலுமாரி மறைத்திருந்த இடம் மட்டும் கரி படியாமல் வெளுப்பாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு ஆளுங்க" என்றாள்.

"என்னா?"

"நாலு ஆளுங்க வந்தாங்க. ஒரு வெத்தல போடுற நேரம். தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. இம்புட்டுத்தானாங்க? இம்புட்டுத்தானா?"

சோலைமலைக்குப் புரியவில்லை. அலுமாரிக்காக அழுகிறாள் என்று நினைத்து, "அதான் வாங்கியாறேன்னு சொல்றேன்ல" என்றான். ஆனால் லெட்சுமிக்குப் புரிந்தது. படுத்த வாக்கிலேயே அவள் கண்ணிலும் தண்ணீர் வழிந்தது.

"மொதப் புள்ளைக்கு இதச் செய்யத் தெரியலயேடி எனக்கு" என்று அம்மாக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பவும் நாலு ஆளுங்க இருந்தாங்களேடி இந்த லயத்துல."

பச்சைப் பிள்ளை பக்கத்தில் இப்படி அழக் கூடாது என்று மருத்துவிச்சி அதட்டினாள். அம்மாக்கண்ணு கேட்கவில்லை. குழந்தை வீறிட்டு அழ, அதைவிட உரக்க அவள் அழுதாள்.